தந்தையர் தொடங்கித் தனயர் நிறைவித்த நாகைப் பெரும்பள்ளி

சோழ வளநாட்டின் கடற்கரைப் பட்டினங்களுள் காவிரிப்பூம்பட்டினத்திற்கு அடுத்தபடியாகப் பெரும்புகழ் எய்தியது நாகபட்டினம். திருநாகைக்காரோணம் என்று மூவர் முதலிகளும் பாடிப் பரவிய சிவத்தலம் அது. திருமங்கை மன்னன் கண்டு உருகிய திருநாகை அழகியார் எழுந்தருளிய வைணவத் திருப்பதியும் அதுவே. வலையில் அகப்பட்ட பொன்மீனையும் தமக்கென வையாது இறைவனுக்கே என்று கடலில் விட்ட அதிபத்த நாயனார் வாழ்ந்த நுளைப்பாடியும் அந்நகரைச் சேர்ந்ததாகும். இத்தகைய தெய்வ மணங்கமழும் திருநகரில், கடல் கடந்த நாட்டு மன்னன் ஒருவன் எடுக்க, தமிழ் வேந்தன் நிலம் அளித்துப் புரக்க, வானளாவ நின்ற பௌத்தப் பெரும்பள்ளி ஒன்று இருந்தது. சூடாமணி விகாரம் என்பது அதன் பெயர்.

அப்பள்ளி இன்று இல்லை. ஆயினும் அதனை எடுப்பித்தவன் பெயரும், அதற்கு ஊர் கொடுத்தவன் பெயரும், கொடுத்த ஊரின் எல்லையும், அதன் நெல் வருவாயும் செப்பேட்டில் அழியாமல் இருக்கின்றன. கோயில் திருப்பணியும் குடமுழுக்கும் செய்து மகிழும் பெருமக்களும், அறக்கட்டளை நிறுவும் செல்வர்களும் அறிந்து போற்றத்தக்க செய்திகள் பல அப்பள்ளியின் வரலாற்றில் பொதிந்து கிடக்கின்றன.

நாகையும் பௌத்தமும்

நாகபட்டினம் பௌத்தர்க்கு உரிய துறைமுகமாக விளங்கியது சூடாமணி விகாரம் எழுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பேயாகும். கி. பி. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சீன யாத்திரிகர் இத்சிங், தம் நாட்டுத் துறவி ஒருவர் கடாரத்திலிருந்து முப்பது நாள் கடலிற் பயணம் செய்து நாகபட்டினத்தை அடைந்து, அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறிய செய்தியைக் குறித்திருக்கிறார். பாலி மொழி உரையாசிரியர்களுள் தலைசிறந்தவராகிய தருமபாலர், நெத்திப்பகரணம் என்னும் நூலுக்குத் தாம் வகுத்த உரையை, நாகபட்டினத்தில் தருமாசோக மகாராசர் பெயரால் வழங்கிய விகாரத்தில் தங்கியிருந்து எழுதியதாக அவ்வுரையின் இறுதியிற் கூறுகிறார். ஆகவே, கீழ்த்திசைக் கடலோடிகள் நங்கூரம் பாய்ச்சி இறங்கியபோது, தொழுவதற்கு ஒரு பள்ளியும், தங்குவதற்கு ஒரு சங்கமும் அத்துறைமுகத்தில் முன்னரே அமைந்திருந்தன.

தமிழ் நாட்டில் பௌத்த சமயம் செல்வாக்குக் குன்றிய பின்னரும், கடற்கரையில் அது வேரூன்றி நின்றது. சோழப் பேரரசின் நடுப்பகலிலேயே, வீரராசேந்திரன் காலத்தில், பொன்பற்றியூர்ப் புத்தமித்திரனார் என்னும் பௌத்தப் பெரியார் அவ்வேந்தன் பெயரால் வீரசோழியம் என்னும் இலக்கணத்தை இயற்றினார். சிவநெறிச் செல்வனான அரசன் பெயரைப் பௌத்தப் புலவர் ஒருவர் தம் நூலுக்குச் சூட்டினார் என்பது, அக்கால மக்களின் மனப்பான்மையை நன்கு உணர்த்துவதாகும்.

கடாரத்து அரசன் எடுத்த பள்ளி

சுமத்திராத் தீவையும் மலேயத் தீபகற்பத்தையும் உள்ளடக்கிக் கடல் வாணிகத்தால் செழித்த பேரரசு ஸ்ரீவிசயம். கடாரம் அதன் புகழ்வாய்ந்த துறைமுக நகரம். ஆதலால் தமிழ் மக்கள் அப்பேரரசரைக் கடாரத்து அரசர் என்றும் கிடாரத்தரையர் என்றும் வழங்கினர். சைலேந்திர குலத்தினராகிய அவர்கள் மகாயான பௌத்தத்தைத் தழுவியவர்கள்.

தம் வணிகரும் துறவிகளும் செல்லும் அயல் நாடுகளில் பள்ளி எடுப்பது சைலேந்திரர் மரபு. ஒன்பதாம் நூற்றாண்டில் அக்குலத்துப் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் எடுத்தான். அவன் வேண்டுகோளுக்கு இணங்கி, வங்கத்துப் பாலவேந்தனாகிய தேவபாலன் அதற்கு ஐந்து ஊர்களை வழங்கினான். கி. பி. 1003-ஆம் ஆண்டில் ஸ்ரீவிசய மன்னன் சூளாமணிவர்மன் சீனப் பேரரசனிடம் தூதர்களை அனுப்பி, அப்பேரரசனின் நீள் ஆயுளை வேண்டித் தன் நாட்டில் எடுத்த பௌத்தக் கோயிலுக்கு ஒரு பெயரும் மணிகளும் அருள வேண்டும் என்று கேட்டுப் பெற்றான். படையால் ஆகாத நட்பைப் பள்ளியால் ஆக்கிக்கொள்ளலாம் என்பதை அம்மன்னர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

அச்சூளாமணிவர்மனே நாகபட்டினத்திலும் ஒரு பள்ளி எடுக்கத் தொடங்கினான். அவன் திருமகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்துத் தன் தந்தையின் பெயரைச் சூட்டினான். சூளாமணிவர்ம விகாரம் என்ற பெயரே பின்னர்ச் சூடாமணி விகாரம் என்று வழங்கலாயிற்று. மேருமலையினும் உயர்ந்தது என்று செப்பேட்டுப் புலவர் அதனைப் புகழ்கிறார். புகழ்ச்சியைக் கழித்துப் பார்த்தாலும், கடலில் வருவோர் கண்ணுக்கு நெடுந்தொலைவிலிருந்தே புலப்படும் உயரம் உடையதாக அது இருந்திருத்தல் வேண்டும்.

கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய பொன்னியின் செல்வனில், இளவரசன் அருள்மொழிவர்மன் நோயுற்றுச் சூடாமணி விகாரத்தில் பிக்ஷுக்களின் பாதுகாப்பில் இருந்ததாகப் படித்தவர் பலர். அது கதைக்கு அழகு சேர்க்கும் கற்பனை. அவ்விளவரசன் முடிசூடி இராசராசனாகி, இருபது ஆண்டுகள் கழிந்த பிறகே இவ்விகாரம் எழுந்தது என்பது செப்பேட்டால் அறியப்படும் வரலாறு. ஆயினும், அவ்வேந்தனையும் அவ்விகாரத்தையும் அன்பினால் பிணைத்துக் காட்டிய கல்கியின் உள்ளம் வரலாற்றின் உண்மைக்குப் புறம்பானது அன்று.

ஆனைமங்கலக் கொடை

முதலாம் இராசராச சோழனின் 21-ஆம் ஆட்சியாண்டு, 92-ஆம் நாள். கிறித்துவ ஆண்டுக் கணக்கில் அது 1006 எனக் கொள்ளப்படும். தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையில், இராசாச்சிரயன் என்னும் மண்டபத்தின் தென்பால் அரசன் வீற்றிருக்கிறான். கிடாரத்தரையன் நாகபட்டினத்தில் எடுப்பிக்கின்ற சூளாமணிவர்ம விகாரத்துப் பள்ளிக்கு வேண்டும் நிவந்தங்களுக்காக, ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளிக்கும்படி அவன் திருவாய் மலர்ந்தருளுகிறான். சைன பௌத்தப் பள்ளிகளுக்கு இறையிலியாக விடப்படும் நிலமே பள்ளிச்சந்தம் எனப்படும்.

செப்பேட்டில் 'எடுப்பிக்கின்ற' என்று நிகழ்காலத்தில் கூறியிருப்பது ஈண்டு உற்று நோக்கத்தக்கது. பள்ளி இன்னும் கட்டி முடியவில்லை. முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று அரசன் காலம் கடத்தவில்லை. சுவர் எழும்போதே, அங்கு நாளை நிகழவிருக்கும் பூசைக்கும் உணவுக்கும் அவன் வழிசெய்து விட்டான். அதே ஆண்டுகளில் தஞ்சையில் அவன் தன் இறைவனுக்கென்று எடுத்துக்கொண்டிருந்த பெருங்கோயில் கல் மேல் கல்லாக உயர்ந்துகொண்டிருந்தது. அதன் விமானத்துக்குக் கலசம் ஏறியது 1010-ஆம் ஆண்டில். சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட அப்பெருவேந்தன், தன் கோயில் முடியுமுன்னரே பிறர் கோயிலுக்கு ஓர் ஊரை ஈந்தான். தஞ்சைப் பெரிய கோயிலிலேயே புத்தர் உருவம் தாங்கிய சிறு சிற்பங்கள் இருத்தலும் இதனோடு ஒருங்கு நினைத்தற்குரியது.

அக்காலத்தில் அரசன் வாய்மொழி ஆணையாக மாறும் முறை நயமானது. அவன் சொல்லைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுதினான். ஓலைநாயகங்கள் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டனர். புரவுவரித் திணைக்களத்து அதிகாரிகள் கூடி வரிப்பொத்தகத்தில் அதனைப் பதிவு செய்தனர். பின்னர் ஓலை நாட்டாரிடம் சென்றது. ஆனைமங்கலத்தின் எல்லையைக் காணப் பெண்யானை ஒன்றை நடத்தி, அது சென்ற வழியே அதிகாரிகளும் சுற்றூர் மக்களும் உடன் நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டினார்கள். இதனைப் பிடி சூழ்தல் என்பர். ஏட்டில் எழுதிய எல்லையை மறுப்பவன் இருக்கலாம். ஊரார் கூடி நின்று பார்க்க யானை நடந்த எல்லையை மறுப்பவன் இல்லை.

அளந்து கண்ட நிலம் 97 வேலிக்கு மேற்பட்டது. அதிலிருந்து பள்ளிக்குரிய காணிக்கடன் 8,943 கலம் நெல்லும், அதற்கு மேல் இருதூணி, ஒரு குறுணி, ஒரு நாழியும் ஆகும். எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கலம் நெல்லைக் கொடுத்த அரசன், கடைசி ஒரு நாழியையும் விடாமல் எழுதச் செய்தான். அறத்துக்கு என்று விட்ட பொருளில் ஒரு நாழியும் கணக்கில்லாமற் போகக்கூடாது என்பது அக்காலத்தார் கொள்கை. ஆனைமங்கலம் என்னும் அவ்வூர் கீழ்வேளூர்ப் பகுதியில் இன்றும் அப்பெயராலேயே விளங்குகிறது.

தந்தை சொல் காத்த தனயன்

இராசராசன் கொடுத்த கொடை ஓலையில் நின்றது. அதனைச் செம்பில் பொறித்து நிலைபெறச் செய்தவன் அவன் மைந்தன் முதலாம் இராசேந்திரன். தந்தையார் வழங்கிய ஊரை என்றும் மாறாத சாசனமாக்க வேண்டும் என்று அவன் ஆணையிட்டதாகச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி கூறுகிறது. ஏடுகள் இருபத்தொன்று, அவற்றுள் ஐந்தில் வடமொழியும் பதினாறில் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. எல்லா ஏடுகளையும் கோத்த பெருவளையத்தில் இராசேந்திரனின் இலச்சினை விளங்குகிறது.

இங்கு அமைந்துள்ள பொருத்தம் எண்ணுந்தோறும் இன்பம் பயப்பது. கடாரத்தில் ஒரு தந்தை பள்ளியைத் தொடங்கினான்; மகன் முடித்துத் தந்தை பெயரை அதற்கு இட்டான். சோழ நாட்டில் ஒரு தந்தை கொடையை மொழிந்தான். மகன் அதனைச் செம்பில் எழுதித் தந்தையின் சொல்லைக் காத்தான். கடலின் இருகரையிலும் இருந்த இரு மைந்தர்கள், தந்தையர் தொடங்கிய அறத்தை நிறைவித்தார்கள். அறம் ஒரு தலைமுறையில் தொடங்கலாம். அதனை அறமாக்குவது அடுத்த தலைமுறையே.

அந்த இராசேந்திரனே 1025-ஆம் ஆண்டளவில் அலைகடல் நடுவுள் பல கலம் செலுத்திக் கடாரத்தின்மேல் படையெடுத்தான். கடாரத்து அரசனாகிய சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்தான். கடாரங்கொண்டான் என்ற பெயரும் பெற்றான். நட்பு முறிந்தது, போர் மூண்டது. ஆனால் நாகபட்டினத்துப் பள்ளி போருக்குப் பலியாகவில்லை. பகைவன் எடுத்த கோயில் என்று அதன் நிலத்தைப் பறித்துக்கொள்ளும் எண்ணம் சோழர் குலத்தில் நிலவவில்லை என்பதற்குப் பின்வந்த செப்பேடே சான்றாகும்.

1090-ஆம் ஆண்டில், முதலாம் குலோத்துங்க சோழன் ஆயிரத்தளி அரண்மனையில் இருந்தபோது, கடாரத்து அரசனின் தூதர்களாகிய இராசவித்தியாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் அவன்பால் வந்தனர். நாகபட்டினத்துப் பள்ளிகளுக்கு உரிய ஊர்களின்மேல் விதிக்கப்படும் வரிகள் சிலவற்றை நீக்கித் தருமாறு விண்ணப்பித்தனர். குலோத்துங்கன் அவ்வாறே நீக்கி, ஊர்களைப் பள்ளிச் சங்கத்தார்க்கே காணியாகவும் ஆக்கினான். மூன்று ஏடுகளில் அமைந்த அச்செப்பேட்டில் பள்ளிகள் இரண்டு கூறப்படுகின்றன. ஒன்று இராசராசப் பெரும்பள்ளி. மற்றொன்று இராசேந்திர சோழப் பெரும்பள்ளி. சூளாமணிவர்மன் பெயர் தாங்கிய விகாரமே இராசராசப் பெரும்பள்ளி என்றும் வழங்கியது. கடாரத்துத் தந்தையின் பெயரும் சோழ நாட்டுத் தந்தையின் பெயரும் ஒரே பள்ளிக்கு அமைந்தன; கடாரத்தை வென்ற மைந்தனின் பெயரைக் கடாரத்தாரின் மற்றொரு பள்ளி தாங்கி நின்றது.

இந்த இரு தொகுதிச் செப்பேடுகளும் ஒல்லாந்தர் வாயிலாகக் கடல் கடந்து சென்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. அதனால் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்று பெயர் பெற வேண்டியவை லெய்டன் செப்பேடுகள் என்று உலகத்தாரால் அறியப்படலாயின.

காரோணத்தில் கடாரத்தாரின் காணிக்கை

கொடை ஒருவழிப்பட்டதாக இருக்கவில்லை. சிவநெறி வேந்தன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்தது போலவே, பௌத்த மன்னனின் ஏவலர்கள் நாகைக் காரோணத்துச் சிவபெருமானுக்குக் காணிக்கை செலுத்தினார்கள். காயாரோகணசுவாமி திருக்கோயிலில் உள்ள இராசேந்திரனின் ஆட்சித் தொடக்க காலத்துக் கல்வெட்டுக்கள் இதனைத் தெரிவிக்கின்றன. ஸ்ரீவிசய அரசனுடைய கன்மி, அதாவது காரியத்தலைவன், இறைவருக்குப் பல்வகை மணிகள் வழங்கினான். கிடாரத்தரையனின் கன்மி ஒருவன் சீனக்கனகம் என்னும் பொன்னை அமுதுபடி முதலியவற்றுக்காக அளித்தான். சீன தேசத்துப் பொன், கடாரத்துக் கப்பலில் வந்து, நாகைக் காரோணத்தில் இறைவன் திருவமுதாகியது.

துறைமுகத்து வணிகனுக்குப் பல தெய்வங்களின் துணை வேண்டும் என்று இதனை எளிதாகக் கூறிவிடலாம். ஆயின் அரசரின் காரியத்தலைவர் அளித்த கொடை வெறும் வணிகம் அன்று. எவ்வூரின் உப்பை உண்கிறோமோ அவ்வூரின் இறைவனை வணங்குதல் கடமை என்னும் நன்றியுணர்ச்சி அதில் விளங்குகிறது.

வாய்மொழி மரபில் நாகைப் பள்ளி

செப்பேடு கூறும் செய்தி இவ்வாறிருக்க, மக்கள் நாவில் வழங்கிய கதை வேறொரு சுவை உடையது. அது திருமங்கையாழ்வாரைப் பற்றிக் குருபரம்பரை நூல்களில் கூறப்படுவது.

திருவரங்கத்தில் மதில் எடுக்கும் கைங்கரியத்தில் ஈடுபட்டிருந்த ஆழ்வாருக்குப் பொருள் முட்டுப்பட்டது. நாகபட்டினத்துப் பௌத்தப் பள்ளியில் பசும்பொன்னாலான புத்தர் திருவுருவம் ஒன்று உள்ளதென்று அவர் கேள்வியுற்றார். ஆனால் அப்பள்ளியினுள் எவரும் எளிதிற் புகமுடியாதபடி சுழலும் பொறிகள் அமைக்கப்பட்டிருந்தன. அப்பொறிகளின் மறைபொருளை அறிந்தவன், கடல் கடந்த தீவொன்றில் வாழ்ந்த சிற்பி. ஆழ்வார் அவன் இருக்குமிடம் சென்று, நாகைப் பள்ளியைக் கள்வர் அழித்துப் பொன்னைக் கவர்ந்தனர் என்று அவன் காதிற் படும்படி கூறினார். சிற்பி நெஞ்சம் பதறி, 'என் பொறியின் நுட்பத்தை எவன் அறிந்தான்!' என்று புலம்பினான். அப்புலம்பலிலேயே நுட்பம் வெளிப்பட்டுவிட்டது. தன் கைத்திறத்தின்மேல் வைத்த பற்றே அவனைக் காட்டிக்கொடுத்தது.

பொன்னுருவத்தோடு திரும்பிய ஆழ்வார் வழியில் திருக்கண்ணங்குடியில் பொழுது சாய்ந்தமையால், உழுத சேற்று நிலத்தில் அதனைப் புதைத்துவிட்டு, அருகிருந்த புளியமரத்தை நோக்கி, 'நான் உறங்கினும் நீ உறங்காதே' என்று கூறித் துயின்றார். மரம் உறங்காமல் காத்தது. அதுவே உறங்காப் புளி. விடிந்ததும் நிலத்துக்குரியவன் ஏர் பூட்டி வந்தான். ஆழ்வார், நிலம் தம்முடையது என்றார். சாசனம் எங்கே என்றதற்கு, நாளை காட்டுவதாகத் தவணை கேட்டார். அவ்வழக்கு முடிவடையவே இல்லை. அது தோலா வழக்கு. பின்னர் விடாய் மிகுந்து, கிணற்றில் நீர் முகந்த பெண்களிடம் தண்ணீர் கேட்டார். நிலத்தைத் தம்முடையது என்றவர் கிணற்றையும் தம்முடையது என்று கூறினால் என் செய்வது என்று அவர்கள் அஞ்சித் தர மறுத்தார்கள். அக்கிணறு ஊறாக் கிணறு ஆயிற்று. களைத்து வந்து அமர்ந்தபோது நிழல் தந்து, இறைவனே உணவளிக்க இடமாக நின்ற மகிழமரம் காயா மகிழ் ஆயிற்று. இந்நான்கையும் சேர்த்துத் திருக்கண்ணங்குடியின் சிறப்பாக மக்கள் இன்றும் கூறுவர்.

பொன்னுருவத்தைத் தேடி நாகையார் திருவரங்கம் வந்து முறையிட்டதாகவும், சிறுவிரலும் குறையாமல் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்த ஆழ்வார் தவணை வந்தபோது சிறுவிரலை மட்டும் எடுத்துக் கொடுத்ததாகவும் கதை முடிகிறது.

ஆழ்வார் காலம் எட்டாம் நூற்றாண்டு. சூடாமணி விகாரமோ பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ஆகவே, இக்கதையில் வரும் பள்ளி சூடாமணி விகாரம் ஆகாது. நாகையில் அதற்கு முன்பிருந்த பள்ளிகளின் நினைவே கதையாக வழங்கிவந்தது எனல் பொருந்தும். இக்கதையைச் சமயப் பூசலின் சான்றாகக் காட்டுவோர் உளர். பக்தியின் எல்லையற்ற வேகத்தைக் காட்டும் திருவிளையாடலாகக் கொள்வோரும் உளர். எவ்வாறு கொண்டாலும், மூன்று செய்திகளை அது தன்னுள் பேணி வைத்திருக்கிறது: நாகைப் பள்ளி பொன் நிறைந்தது, அதன் சிற்பத்திறன் வியக்கத்தக்கது, அதன் கைவினைஞர் கடல் கடந்த நாட்டோடு தொடர்புடையவர். இவை மூன்றும் வரலாற்றோடு முரண்படாதவை. வாய்மொழிக் கதை பறித்ததைச் சொல்கிறது. செப்பேடு கொடுத்ததைச் சொல்கிறது. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்ப்போர்க்கே அக்கால வாழ்வு முழுமையாகப் புலனாகும்.

பள்ளியின் அந்திப்பொழுது

சோழர் குலம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மறைந்தது. கடாரத்துப் பேரரசும் ஒடுங்கியது. கொடுத்தவர் குலமும் எடுத்தவர் குலமும் இல்லாதொழிந்த பின்னரும், நாகையில் பௌத்தம் உடனே அவிந்துவிடவில்லை. கீழ்த்திசைக் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய சீன நூலாசிரியர் வாங் தாயுவான், இக்கரையில் செங்கல்லாலும் மண்ணாலும் எழுப்பிய உயர்ந்த கோபுரம் ஒன்றைக் குறித்து, அதில் 1267-ஆம் ஆண்டுக்குரிய சீன எழுத்துப் பொறிப்பு இருந்ததென்று கூறுகிறார்.

இருநூறு ஆண்டுகள் கழிந்தன. பர்மிய நாட்டுப் பெகு நகரத்து மன்னன் தம்மசேதியின் கல்யாணிக் கல்வெட்டு 1476-ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்டது. இலங்கைக்குச் சென்று மீளும் வழியில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய பர்மியத் துறவிகள் நாகபட்டினம் வந்து, பதரிகாராமம் என்ற பள்ளி இருந்த இடத்தைக் கண்டு, சீன நாட்டு அரசன் செய்வித்த குகையில் புத்தர் திருவுருவத்தை வணங்கினர் என்பது அதில் காணும் செய்தி. பள்ளி இருந்த 'இடத்தை'க் கண்டனர் என்ற அச்சொல்லில், சுற்றியிருந்த பாழ்மை தெரிகிறது. ஆயினும் வழிபடத் தலைகள் வணங்கின.

அதன்பின் நாகபட்டினம் போர்த்துக்கீசியர் கைக்குச் சென்றது. 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. நகருக்கு வடக்கே தனித்து நின்ற பழங்கோபுரம் ஒன்றை ஐரோப்பியர் சீனக்கோயில் என்றனர். ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். 1846-ஆம் ஆண்டில் அதனைக் கண்ட சர் வால்டர் எலியட் அதன் தோற்றத்தை எழுதி வைத்தார். நாற்கோண வடிவில் மூன்று நிலைகளுடன், சுண்ணச்சாந்து இன்றியே நெருக்கமாக அடுக்கிய செங்கற்களால் ஆகியது அக்கோபுரம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாயில் போன்ற திறப்பு இருந்தது. சூடாமணி விகாரத்தின் எச்சம் அது என்பாரும், சீனர் எழுப்பியது என்பாரும் ஆராய்ச்சியாளருள் உளர்.

அதனருகே குடியேறிய சேசு சபைப் பாதிரிமார், பாழடைந்த அக்கோபுரத்தை இடித்து அதன் செங்கற்களைத் தம் கட்டடங்களுக்குப் பயன்படுத்த 1859-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் அனுமதியை வேண்டினர். கப்பலோட்டிகளுக்குக் கரையடையாளமாக நிற்பது அது; ஆகவே காத்தல் வேண்டும் என்ற கருத்தும் அப்போது எழுந்தது. எனினும் 1867-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் அனுமதி அளித்தது; கோபுரம் இடிக்கப்பட்டது. இடித்தவர் ஒருபுறம் இருக்க, இடிக்கவேண்டா என்று உரிமையோடு கூறுவதற்கு ஊரில் ஒரு சங்கம் இல்லை. ஆண்டுதோறும் விளக்கேற்றுவதற்கு ஒரு குடி இல்லை. அதன் பழுது பார்க்க ஒரு வேலி நிலமும் அன்று அதன் பெயரில் இல்லை. மன்னர் இருவர் பேணிய ஊரில், மண்ணைக் காட்டிலும் விலை குறைந்ததாய்ச் செங்கல் ஆயிற்று.

மண் காத்த திருவுருவங்கள்

ஆயினும் மண் தன் கடமையைச் செய்திருந்தது. 1856-ஆம் ஆண்டில் அவ்விடத்திலிருந்த பழைய இலுப்பைமரம் ஒன்றை வெட்டியபோது, அதன் அடியில் செங்கல்லால் கட்டிய சிற்றறையில் ஐந்து புத்தர் உருவங்கள் கிடைத்தன. பகைக்கோ கொள்ளைக்கோ அஞ்சிய யாரோ சிலர், என்றேனும் மீண்டும் எடுத்து வழிபடுவோம் என்ற நம்பிக்கையோடு பத்திரமாக மூடி வைத்தவை அவை. அவற்றுள் ஒன்றன் பீடத்தில் ஆகம பண்டிதர் உய்யக்கொண்ட நாயகர் என்ற தமிழ்ப் பெயர் பொறித்திருந்தது. நாகையின் பௌத்தம் கப்பலில் வந்தோரின் சமயமாக மட்டும் இருக்கவில்லை, தமிழ் எழுத்தில் பெயர் பொறித்துத் தமிழர் தொழுத சமயமும் ஆகும் என்பதற்கு அப்பீடம் ஒன்றே போதிய சான்று.

அது முதல் 1934-ஆம் ஆண்டு வரையில் வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350 ஆகும். நின்ற திருக்கோலத்தில் அபயம் அளிக்கும் புத்தர், அமர்ந்து தியானிக்கும் புத்தர், போதிசத்துவர், தாரை, சிறு தூபிகள் எனப் பலவகைப்பட்ட அவை ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கி நெடுங்காலம் வார்க்கப்பட்டவை. புத்தரின் திருமுடிமேல் சுடர்போல எழும் கொழுந்து நாகைத் திருமேனிகளின் தனியழகு. அவற்றை ஆராய்ந்து திரு. டி. என். இராமச்சந்திரன் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால், நாகைப் படிமங்கள் உலகத்தாரின் கவனத்தைப் பெற்றன. நடராசப் பெருமானின் திருமேனியை வார்த்த சோழ நாட்டுக் கைகளே இவற்றையும் வார்த்தன என்பதை, அவற்றின் மெலிந்த இடையும் விரல்களின் நெளிவும் ஆடையின் மடிப்பும் பார்த்த மாத்திரத்திலே உணர்த்தும்.

அறம் காப்பவர் யார்?

சூடாமணி விகாரத்தின் வரலாற்றைத் தொகுத்து நோக்குங்கால் ஓர் உண்மை தெளிவாகப் புலப்படுகிறது. அப்பள்ளிக்குச் செல்வக்குறைவு என்றும் இருந்ததில்லை. அதற்கு அடித்தளம் இட்டவன் பேரரசன். ஊர் ஈந்தவன் பேரரசன். வரி நீக்கியவனும் பேரரசன். எண்ணாயிரம் கலத்துக்கு மேல் நெல் வருவாய் இருந்தது. இவை யாவும் இருந்தும் அது நிலைக்கவில்லை. தந்தைக்குப் பின் தனயன் என்று தொடங்கிய அந்தச் சங்கிலியில், ஏதோ ஒரு தலைமுறையில் ஒரு வளையம் அறுந்தது. அதன்பின் செப்பேடு அந்நிய நாடு சென்றது. செங்கல் வேறு சுவராயிற்று. தெய்வத் திருவுருவம் மண்ணுள் மறைந்தது.

சோழர் காலக் கல்வெட்டுக்களின் இறுதியில் ஒரு தொடர் பெருவழக்காகக் காணப்படும். இந்த அறத்தைக் காப்பவன் திருவடி என் தலைமேல் இருப்பதாக என்று கொடுத்தவன் கூறுவதாக அமைந்தது அது. கொடுத்தவனே, பின்னர்க் காக்கப்போகிறவன் காலில் விழுகிறான். கொடுப்பதினும் காப்பது அரிது என்பதை அப்பெருமக்கள் அறிந்திருந்தனர். காப்பவன் எந்தக் குலத்தவன், எந்தச் சமயத்தவன் என்று அவர்கள் கேட்கவில்லை. காப்பவன் என்ற ஒரு தகுதியே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

குடமுழுக்கு என்பது இவ்வகையில் ஆழ்ந்த பொருளுடைய விழா. கோயில் எடுத்தவர்கள் மறைந்து நூற்றாண்டுகள் கழிந்திருக்கும். அவர்கள் யார் என்பதும் பலருக்குத் தெரிந்திராது. எனினும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஊரார் கூடி, பழுது நீக்கி, வண்ணம் தீட்டி, மருந்து சாத்தி, கலசத்துக்கு நீராட்டுகிறார்கள். அந்நாளில் ஒவ்வொரு தலைமுறையும், முன்னோர் தொடங்கியதை நாங்கள் கைவிடவில்லை என்று உரைக்கிறது. நாகைப் பெரும்பள்ளிக்குக் கிடைக்காமற் போன பேறு அது. கடாரத்துத் தனயனும் சோழநாட்டுத் தனயனும் தத்தம் தந்தைக்குச் செய்த கடனை, திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் நல்கும் அன்பர்கள் தம் முன்னோர் அனைவருக்கும் செய்கிறார்கள். செப்பேட்டுச் சோழனின் மொழியிற் சொல்வதாயின், அவர்கள் திருவடி அக்கோயிலை முதலில் எடுத்தவர்களின் தலைமேல் இருக்கின்றது.